துரியோதனன் வேடத்தில் மாருதி 800: காட்சிக் கார் கட்ட முழுமையான வழிகாட்டி

பழைய காரை வாங்கிய மறுநாளே கூரையை அறுத்துவிடுகிறார்கள். அறுத்த பிறகு கதவு சாத்த வரவில்லை என்று ஆள் அனுப்புகிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபைபர் பட்டறை வைத்திருப்பதால், இப்படிப் பாதியில் நின்ற கார்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. சிலவற்றைக் காப்பாற்ற முடிந்தது. சிலவற்றைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொல்லும்போது மனம் வலித்தது, ஏனென்றால் அந்தப் பிள்ளைகளிடம் கைத்திறன் குறைவே இல்லை. வேலையின் வரிசைதான் தவறியிருந்தது.

சினிமா, கார்ட்டூன், கூத்து என்று மக்கள் பார்த்தவுடன் அடையாளம் காணும் ஓர் உருவத்தைக் காரின் மேல் ஏற்றுவதுதான் காட்சிக் கார். நாங்கள் ஒரு மாருதி 800 காரைத் தெருக்கூத்துத் துரியோதனனாக மாற்றினோம். அந்தக் காரை வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன். உங்கள் உருவம் வேறாக இருந்தாலும் வரிசை மாறாது.

1. இந்தக் கார் சாலையில் ஓடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

காட்சிக் கார் லாரியில் ஏறிப் போகும், திடலில் இறங்கி நிற்கும், மறுபடி லாரியில் ஏறித் திரும்பும். மற்ற எல்லா முடிவுகளும் இதைப் பொறுத்தவை. அகலம், உயரம், முன்மூக்கின் நீளம் ஆகியவற்றை லாரியின் தளம்தான் தீர்மானிக்கிறது.

காட்சிக்கும் சாலை ஓட்டத்துக்கும் ஒரே காரைச் செய்யலாம் என்று நினைப்பவர்களே அதிகம் இழக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கிரீடம் ஒன்று, தோள்கட்டை இரண்டு, மூக்கு ஒன்று என்று எண்ணிப் பாருங்கள்.

ஊர்வலத்தில் காட்ட வேண்டுமானால், காரை லாரித் தளத்தின் மேல் நிறுத்தி அலங்கார ஊர்தியாகக் கொண்டு செல்லுங்கள். அதற்கும் காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

2. காகித வேலையை முடித்துவிட்டுக் காரைத் தொடுங்கள்

ஆர்.சி. புத்தகம் இல்லாத காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் மாற்றம் முடிந்து, பழைய கடன் அடமானம் நீக்கப்பட்டிருக்க வேண்டும். கண்காட்சிக்குக் கொண்டு செல்லும் வழியில் சோதனை நடந்தால் லாரிக்காரர் உங்களைத்தான் கைகாட்டுவார்.

அறுக்காமல், கழற்றி மாட்டும் பாகங்களாகச் செய்தால் காரின் மூல அமைப்பு அப்படியே இருக்கும். நான் சிபாரிசு செய்வது இதைத்தான். நிரந்தரமாக அறுத்து, இனி ஓட்டவே முடியாத நிலைக்குக் கொண்டு போனால், 55ஆவது பிரிவின்படி 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். பதிவு எண்ணின் தொடக்கம் கிருஷ்ணகிரியில் டி.என். 24, தருமபுரியில் டி.என். 29, ஓசூரில் டி.என். 70. கார் எந்த அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதோ அங்கே ஒரு முறை நேரில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். பதிவு நடப்பில் உள்ளவரை காப்பீட்டையும் விடாதீர்கள்.

3. உருவத்துக்கு ஏற்ற காரைத் தேடுங்கள்

கைக்குக் கிடைத்த காரில் உருவத்தைத் திணிப்பது புதியவர்கள் வழக்கம். 1966இல் தொலைக்காட்சித் தொடருக்காக பேட்மேனின் காரைக் கட்டிய ஜார்ஜ் பாரிஸ் வெறும் தகட்டிலிருந்து தொடங்கவில்லை. 1955ஆம் ஆண்டின் லிங்கன் ஃபியூச்சரா என்ற மாதிரிக் காரை எடுத்துக்கொண்டார். பின்பக்கச் சிறகுகளும் இரட்டைக் கண்ணாடிக் குமிழும் அதில் ஏற்கெனவே இருந்தன. பாதி உருவம் உள்ள காரைத் தேர்ந்தெடுத்ததால் மீதிப் பாதியை மட்டும் செய்தால் போதும் என்றாயிற்று.

நமக்குக் கிடைக்கும் கார்களில் மூன்றைச் சொல்கிறேன். மாருதி 800 சுமார் 3.34 மீட்டர் நீளம், 1.44 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் உயரம், எடை ஏறக்குறைய 650 கிலோ. முகம் சிறியது, நெற்றி செங்குத்து. ஒரு மனித முகத்தையோ கார்ட்டூன் முகத்தையோ வைக்க இதைவிட நல்ல கார் இல்லை. அம்பாசிடர் உருண்ட தோள் கொண்டது. யானை, காளை, பழைய சினிமா வில்லனின் கார் ஆகியவற்றுக்குப் பொருந்தும். எடை அதிகமான உருவமானால் ஜீப் எடுங்கள். ஜீப்பில் சேசிஸ் தனி, பாடி தனி. பாடியை முழுவதும் இறக்கிவிட்டுச் சேசிஸின் மேல் எதையும் கட்டலாம்.

மாருதியில் அது முடியாது. அதில் பாடிதான் சேசிஸ். கூரையும் தூண்களும் தரையும் சேர்ந்துதான் வண்டியின் முதுகெலும்பு. கூரையை அறுத்தால் நடுப்பகுதி சில மில்லிமீட்டர் தொய்கிறது, கதவு சட்டத்தில் உரசுகிறது, முன்கண்ணாடி விரிசல் விடுகிறது. நான் முதலில் சொன்ன கதை அதுதான்.

4. நிழல் சோதனை

உருவத்தை முடிவு செய்யும் முன், அதன் புற வடிவத்தை மட்டும் கறுப்பாக நிரப்பி ஒரு தாளில் அச்சிடுங்கள். கண், வாய், வண்ணம் எதுவும் வேண்டாம். டீக்கடையில் பத்துப் பேரிடமும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளிடமும் காட்டிக் கேளுங்கள். பாதிப் பேராவது சரியாகச் சொல்லவில்லை என்றால் வடிவத்தை மாற்றுங்கள். திடலில் கூட்டத்துக்கு நடுவே, இருபதடி தூரத்திலிருந்து, தலைகளுக்கு மேலே தெரிவது நிழல் வடிவம் மட்டுமே.

துரியோதனனை நாங்கள் எடுத்ததற்குக் காரணம் இதுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து நடக்கிறது, கடைசி நாள் போர்க்களக் காட்சியான படுகளத்தில் மண்ணால் பெரிய துரியோதனன் உருவம் கிடத்தப்படுகிறது. விசிறிபோல் விரிந்த கிரீடம், தோளிலிருந்து இறக்கைபோல் நீளும் தோள்கட்டை, சிவந்த முகம், முறுக்கிய மீசை. நிழல் தாளைப் பார்த்த சிறுமி ஒருத்தி யோசிக்காமல் பெயரைச் சொன்னாள்.

இன்னொரு காரணமும் உண்டு. சினிமாவிலோ கார்ட்டூனிலோ வரும் உருவத்தை நகலெடுத்து டிக்கெட் வைத்துக் காட்டினால், அதை உருவாக்கியவர்களின் உரிமை குறுக்கே வரும். கூத்து வேடம் எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் பொது என்பதற்காக மரியாதை குறையக் கூடாது. தெய்வ முகங்களைச் சக்கரத்தின் அருகிலோ கால் வைக்கும் இடத்திலோ வைக்காதீர்கள். கோயில் பெரியவர்களிடம் வரைபடத்தைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

5. அளவு வரைபடம்

காரை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பத்தில் ஒரு பங்கு அளவில் வரையுங்கள். அதன் மேல் உருவத்தை வரைந்துவிட்டு மூன்று அளவுகளைச் சரிபாருங்கள்.

அகலம்: கார் 1.44 மீட்டர். தோள்கட்டை பக்கத்துக்கு 35 சென்டிமீட்டர் என்றால் மொத்தம் 2.14 மீட்டர். கார் ஏற்றும் வண்டியின் தளத்தை நேரில் டேப் வைத்து அளந்து, அதற்குள் அடங்குகிறதா பாருங்கள்.

உயரம்: தளம் ஏறக்குறைய 1 மீட்டர், கார் 1.4 மீட்டர், கிரீடம் 90 சென்டிமீட்டர். மொத்தம் 3.3 மீட்டர். நெடுஞ்சாலையில் தடையில்லை. ஆனால் ஊருக்குள் தாழ்ந்த மின்கம்பியும் திருவிழா வளைவும் காத்திருக்கும். எனவே கிரீடத்தைக் கழற்றி ஏற்றும்படிதான் செய்ய வேண்டும்.

மூக்கு: இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஏற்றுப்பலகை 15 பாகைச் சரிவில் இருந்து, சக்கரத்துக்கு முன்னால் 60 சென்டிமீட்டர் மூக்கு நீண்டால், அதன் அடிப்பகுதி தரையிலிருந்து 16 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஏற்றத்திலேயே உடையும். பார்க்க அழகாக இருக்கிறது என்று தரையைத் தொடுமளவு மூக்கை இறக்கிய ஒரு காரை, கடைசியில் எட்டுப் பேர் சேர்ந்து தூக்கி ஏற்றினோம்.

6. சேர்த்துவைக்க வேண்டியவை

ஃபைபருக்கு: பொதுப் பயன்பாட்டுப் பாலியஸ்டர் ரெசின், இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் முன்பே கலந்ததாக. ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட், வார்ப்பின் வெளிப்பரப்பாக அமையும் ஜெல் கோட், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடியிழை மேட், அச்சு மெழுகு, அச்சில் ஒட்டாமல் பிரிய உதவும் பி.வி.ஏ. திரவம், காற்றை வெளியேற்றும் இரும்பு உருளை, தூரிகைகள், அசிட்டோன்.

அளவு கணக்கு எளிது. 450 மேட் ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன் தரும். இரண்டு அடுக்கு வைத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 900 கிராம் மேட், அதைப் போல இரண்டரை மடங்கு ரெசின், அதாவது 2.25 கிலோ. எங்கள் துரியோதனனுக்குக் கிரீடம், தோள்கட்டைகள், மூக்கு, கன்னங்கள் எல்லாம் சேர்த்து எட்டுச் சதுர மீட்டர். மேட் 7.2 கிலோ, ரெசின் 18 கிலோ. அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கினோம், வீணாவதற்கு. அச்சுகளுக்கு இது தனி. அச்சு இன்னும் தடிமனாக வேண்டும் என்பதால் ஏறக்குறைய இரு மடங்கு பிடிக்கும்.

பாதுகாப்புக்கு: ஆவி வடிகட்டும் குடுவை உள்ள முகமூடி, நைட்ரைல் கையுறை, கண் கண்ணாடி, உலர் பொடித் தீயணைப்பான். துணியை மூக்கில் கட்டிக்கொள்வது ரெசின் ஆவியைத் தடுக்காது.

பணத்தைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் சொல்கிறேன். கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கைப் பெயிண்டுக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பாதியில் நின்ற கார்களில் பெரும்பாலானவை பிரைமரோடு நிற்பவை.

7. காரைத் தயார் செய்தல்

முதலில் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வையுங்கள். காலியான டேங்க் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். உள்ளே தங்கும் ஆவிதான் தீப்பிடிக்கிறது. பேட்டரியின் இணைப்பைப் பிரியுங்கள். வெல்டிங் வைக்கும்போது எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள்.

பிறகு துரு. கதவுக்குக் கீழுள்ள பட்டை, தரை, சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்கள் ஆகியவற்றைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஓசை வரும் இடத்தில் தகடு அரித்திருக்கிறது. அரித்த பகுதியை வெட்டிப் புதுத் தகடு வைக்க வேண்டும். பட்டி பூசி மறைத்தால் அடுத்த மழைக்காலத்தில் பெயிண்டுக்கு அடியில் கொப்புளமாக எழும்.

பிரேக், ஸ்டீயரிங், கைபிரேக் மூன்றும் சரியாக வேலை செய்ய வேண்டும். சாலையில் ஓடாத காருக்கு எதற்கு என்று கேட்பார்கள். ஏற்றுப்பலகையில் இறங்கும்போது பிரேக் பிடிக்காத கார் நேராகக் கூட்டத்துக்குள் போகும்.

8. இரும்புச் சட்டகம்

கிரீடத்தின் எடையைக் கூரைத் தகடு தாங்காது. ஒரு மி.மீ.கூட இல்லாத தகடு அது. கைவைத்து அழுத்தினாலே குழியும். 25 மி.மீ. சதுரக் குழாயில், மழைநீர் வடியும் பள்ளத்தின் மேல் நான்கு இடங்களில் பிடிக்கும் ஒரு சட்டகம் செய்யுங்கள், சுமை வைக்கும் கேரியர் போல. கிரீடம் அதில் நான்கு போல்ட்டுகளில் நிற்கும். தோள்கட்டைகளுக்கு முன் மட்கார்டின் போல்ட் துளைகளையே பயன்படுத்திக் கோண இரும்பு வையுங்கள்.

கிரீடம் பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும். ஆடிக்காற்றில் ஒரு நாள், போல்ட் போட்டிருந்தும் சட்டகமே முன்னும் பின்னும் அசைந்தது. கிரீடத்தின் பின்பக்கம் இரண்டு சாய்வுத் தாங்குகளைச் சேர்த்த பிறகுதான் நின்றது. கூத்துக் கலைஞர்கள் கிரீடத்தைத் தலையோடு துணிக்கட்டுப் போட்டு இறுக்குவதை ஒரு முறை பக்கத்தில் நின்று பாருங்கள். எந்த இடத்தில் பிடித்தால் ஆட்டம் நிற்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும்.

இந்தக் கட்டத்திலேயே சட்டகத்தோடு காரை லாரியில் ஒரு முறை ஏற்றி இறக்கிவிடுங்கள். திருத்துவது இப்போது எளிது.

9. பொய் வடிவமும் அச்சும்

இங்கே அவசரம் கூடாது. அச்சு எடுப்பதற்காக முதலில் செய்யும் மாதிரிதான் பொய் வடிவம். அதில் உள்ள ஒவ்வொரு மேடும் பள்ளமும் அச்சில் விழும், அச்சில் விழுந்தது வார்ப்பிலும் விழும்.

கூத்துக்குரிய கட்டைகளைக் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள். தக்கைபோல் எடை குறைந்தது, உளிக்கு நன்றாக இசையும். அதைப் பெரிய அளவில் நேராகக் காரில் மாட்டினால் மழையில் ஊறி உப்பிவிடும். ஆகவே ஒரு தோள்கட்டையை மட்டும் மரத்தில் செதுக்கி, அதிலிருந்து அச்சு எடுத்து, ஃபைபரில் வார்த்தோம். ஆனால் இடது தோளும் வலது தோளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ஒரே அச்சில் வார்த்த இரண்டும் இடது தோளாகவே வரும். மறந்துவிட்டு இரண்டு இடது தோள்களோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். பூவேலையை இருபுறமும் ஒன்றுபோல் வைத்து வடிவமைத்தால் ஓர் அச்சு போதும். இல்லாவிட்டால் இரண்டு அச்சு வேண்டும்.

மூக்கு, கன்னம் போன்ற பெரிய வளைவுகளுக்குத் தெர்மாகோல் மலிவு. அதில்தான் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். மூன்று நாள் செதுக்கிய மீசை, ரெசின் பட்ட பத்தாவது நிமிடத்தில் குழியாகிப் போனதை அழாத குறையாக நின்று பார்த்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். தெர்மாகோலின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை 5 மி.மீ. கனத்துக்குப் பூசி, முழுவதும் உலரவிட்டு, தேய்த்து, பெயிண்ட் அடித்து மூடுங்கள். ஓர் ஊசித்துளைகூட இருக்கக் கூடாது. அல்லது பி.யூ. ஃபோம் வாங்கிச் செதுக்குங்கள். ரெசின் அதைக் கரைக்காது.

அடுத்தது உள்வெட்டு. பூவேலையில் இதழ்களுக்கு அடியில் குடைந்த இடங்கள் இருக்கும். அங்கே புகுந்த ரெசின் இறுகினால் அச்சும் வடிவமும் பூட்டிக்கொள்ளும், உடைத்துத்தான் பிரிக்க வேண்டும். அப்படிப்பட்ட இடங்களைக் களிமண்ணால் நிரப்பி, சரிவாக வெளியேறும்படி செய்யுங்கள். இழந்த ஆழத்தைப் பிறகு பெயிண்டின் நிழலால் மீட்டுக்கொள்ளலாம்.

வடிவத்தின் மேல் மெழுகைக் குறைந்தது ஐந்து முறை பூசித் துடையுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மணி நேரம் விட்டு. கடைசியில் பி.வி.ஏ. ஒரு மெல்லிய படலம். இதில் ஒன்றைக் குறைத்தவர்கள் அச்சைப் பிரிக்க ஆப்பு அடிக்கிறார்கள்.

10. ஃபைபர் வார்த்தல்

முதலில் உயிர் காக்கும் விதி. கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பற்றும், வெடிக்கும். முன்பே கோபால்ட் கலந்த ரெசினை வாங்கச் சொன்னது இதற்காகத்தான். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வை போய்விடக் கூடும். உடனே பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ரெசினுக்கு 1 முதல் 2 சதவீதம் கேட்டலிஸ்ட். தருமபுரியின் சித்திரை வெயிலில் 2 சதவீதம் கலந்தால் தூரிகையை எடுப்பதற்குள் டப்பாவிலேயே கட்டியாகிச் சூடு ஏறும். 1 சதவீதம் போதும், அரை கிலோ அரை கிலோவாகக் கலக்குங்கள், காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். ஓசூரின் மார்கழிக் காலை இதற்கு நேர் எதிர். 15 பாகை செல்சியஸுக்குக் கீழே ரெசின் சரியாக இறுகாது, நாள் முழுவதும் பிசுபிசுக்கும். வெயில் ஏறிய பிறகு தொடங்குங்கள். கேட்டலிஸ்ட்டைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். வார்ப்பு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும்.

அச்சில் ஜெல் கோட்டை அரை மி.மீ. கனத்தில் பூசுங்கள். விரல் வைத்தால் ஒட்டுவது போல் இருந்து விரலோடு வராத நிலைதான் அடுத்த அடுக்குக்கு நேரம். அதற்கு முன்பே மேட் வைத்தால் ஜெல் கோட் முதலைத் தோல் போலச் சுருங்கும்.

மேட்டைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரங்களின் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், இணைப்பில் மேடு தெரியாது. முதலில் ரெசின், அதன் மேல் மேட், மறுபடி ரெசின். வெள்ளை மறைந்து கண்ணாடி போல் ஆகும்வரை தூரிகையால் குத்திக் குத்தி நனையுங்கள், இழுக்காதீர்கள். பிறகு உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டிக் காற்றை வெளியே தள்ளுங்கள். உள்ளே தங்கிய காற்றுக் குமிழ், பெயிண்ட் அடித்த பிறகு வெயிலில் உப்பி வெடிக்கும்.

ஓரங்களில் 25 மி.மீ. உள்மடிப்பு வைக்க மறக்காதீர்கள். மடிப்பு இல்லாத ஓரம் அலை அலையாக ஆடும். போல்ட் வரும் இடங்களில் இரண்டாம் அடுக்கு இறுகியதும், நட்டு பற்றவைத்த இரும்புப் பட்டையை வைத்து அதன் மேல் இன்னும் இரண்டு அடுக்கு போடுங்கள். ஃபைபரில் நேராகத் துளையிட்டுப் போல்ட்டை முறுக்கினால் நான்காவது பயணத்தில் துளை நீள்வட்டமாகிவிடும்.

அச்சிலேயே ஓர் இரவு முழுவதும் விடுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் வார்ப்பு முறுக்கிக்கொள்ளும்.

11. பொருத்து, கழற்று, காயவிடு

எல்லாப் பாகங்களையும் பெயிண்ட் இல்லாமல் காரில் மாட்டிப் பாருங்கள். போல்ட் துளைகள் போல்ட்டைவிட 2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும், ரப்பர் வாஷர் வையுங்கள். வெயிலில் ஃபைபரும் இரும்பும் ஒரே அளவில் விரிவதில்லை. இறுக்கிப் பிடித்தால் ஓரத்தில் மயிரிழை விரிசல் தொடங்கும். கதவுகள், பானெட் முழுவதும் திறக்கின்றனவா பாருங்கள்.

பிறகு எல்லாவற்றையும் கழற்றி ஒரு வாரம் வெயிலில், வளையாமல் தாங்கு கொடுத்து வையுங்கள். ஃபைபர் இறுகுவது முதல் நாளோடு முடிவதில்லை. மெதுவாகச் சுருங்கிக்கொண்டே இருக்கும். அதற்குள் பெயிண்ட் அடித்தால், மேட்டின் இழைக் கோலம் பளபளப்பின் மேல் தெரியத் தொடங்கும். கண்காட்சித் தேதி நெருங்குகிறது என்று இந்த வாரத்தைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள்.

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி ஜூன், ஜூலை வாக்கில் வரும். அதை எண்ணி வேலை செய்பவர்கள் தை மாதம் தொடங்கினால்தான் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

12. பட்டியும் பெயிண்டும்

வார்ப்பின் மேலுள்ள மெழுகையும் பி.வி.ஏ.யையும் சோப்பு நீரில் கழுவி, பிறகு மெழுகு நீக்கும் திரவத்தால் துடையுங்கள். கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் மெழுகைக் கீறலுக்குள் புதைக்கும்; பெயிண்டில் மீன்கண் போன்ற வட்டங்கள் விழும்.

80 எண் உப்புத்தாளில் தொடங்கி, பட்டி வைத்து, 120, 220 என்று போய், பிரைமர் அடித்து, 400, 800இல் நீர் ஊற்றித் தேய்க்க வேண்டும். நடுவில் ஓர் எண்ணைத் தாண்டினால் பழைய கீறல் கடைசி வரை தெரியும். கையை மட்டும் நம்பாமல் மரக்கட்டையில் தாளைச் சுற்றித் தேயுங்கள், விரல் பள்ளம் விழாது. பட்டி மெல்லியதாக, 3 மி.மீ.க்குள் இருக்கட்டும்.

கூத்துச் சிவப்பை அடிக்கும் முன் அடியில் ஒரே சீரான வெளிர் பிரைமர் வேண்டும். சிவப்பு எளிதில் மூடாத நிறம். அடியில் சாம்பலும் வெள்ளையும் திட்டுத் திட்டாக இருந்தால் ஆறு கோட் அடித்தாலும் முகம் நோயாளி முகமாகத் தெரியும். மீசை, புருவம், கண் கோடுகளை நாங்கள் டேப் ஒட்டி அடிக்கவில்லை. கூத்தில் அரிதாரம் பூசும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்து தூரிகையைக் கையில் கொடுத்தோம். அவர் ஒரே இழுப்பில் இழுத்த கோட்டில் இருக்கும் உயிர் டேப்பில் வராது. காரைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, இடது புருவத்தை மட்டும் விரற்கடை உயர்த்தி வரைந்தார். அந்தக் கோபம்தான் இன்றுவரை பிள்ளைகளை ஓரடி பின்வாங்க வைக்கிறது.

தெளிந்த வார்னிஷ் கோட்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கும். மூச்சுக்குழாயை நிரந்தரமாகப் பாதிக்கும் பொருள் அது. வெளிக்காற்றைக் குழாயில் தரும் முகமூடி இல்லாவிட்டால் இந்த ஒரு வேலையைப் பெயிண்ட் அறை உள்ள பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். ஆடி மாதத்தில் திறந்த கொட்டகையில் அடிப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தூசி முழுவதும் முகத்தில் ஒட்டும்.

13. கண்ணாடித் துண்டுகள்

பெயிண்ட் நன்கு இறுகிய பிறகுதான் கிரீடத்தில் கண்ணாடித் துண்டு பதிக்க வேண்டும். மரப் பசை மழையில் விட்டுவிடும். அமில வாடை வராத சிலிக்கான் பசை வாங்குங்கள். அமில வாடை வரும் வகை கண்ணாடியின் பின்பூச்சை அரிக்கும். கைக்கு எட்டும் உயரத்தில் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் துண்டுகளை வையுங்கள். குழந்தைகள் தொடாமல் இருக்க மாட்டார்கள்.

14. விளக்கு

மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கும் எல்.இ.டி. பட்டை 20 மீட்டர் என்றால் 96 வாட், அதாவது 12 வோல்ட்டில் 8 ஆம்பியர். மாருதியின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு மணி நேரத்தில் வற்றிவிடும். வற்றவிட்ட ஸ்டார்ட்டிங் பேட்டரி சில முறைகளுக்குப் பிறகு மீளாது. திடலில் 230 வோல்ட்டை 12 ஆக்கித் தரும் பெட்டியைத் தனியாக வையுங்கள். காரின் சொந்த வயரிங்கில் எதையும் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் தனி ஃபியூஸ், மின்மூலத்துக்கு அருகிலேயே. பாகத்தைக் கழற்றும்போது வயரும் கழல, இணைப்பான் வையுங்கள். இல்லாவிட்டால் கிரீடத்தை இறக்கும்போது வயர் பிய்ந்துகொண்டு வரும்.

15. ஏற்றிச் செல்லுதல்

கிரீடத்தையும் தோள்கட்டைகளையும் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றித் தனி வண்டியில் அனுப்புங்கள். காரைச் சக்கரங்களில் பட்டை போட்டுக் கட்ட வேண்டும், சட்டகத்தில் கட்டக் கூடாது. சேலம் பக்கம் போவதானால் தொப்பூர் கணவாய்க்கு முன்னால் ஒரு முறை நிறுத்தி எல்லாப் பட்டைகளையும் இறுக்குங்கள். அந்த நீண்ட இறக்கத்தில் லாரி திரும்பத் திரும்ப பிரேக் போடும்போது கார் முன்னோக்கித் தள்ளும், முழு எடையும் பின்பக்கப் பட்டையில்தான் தொங்கும்.

16. திடலில் நிறுத்துதல்

முகம் மாலை வெயிலுக்கு எதிராக, மேற்குப் பார்த்து இருக்கட்டும். கூட்டம் மாலையில்தான் வரும், சிவப்பும் கண்ணாடித் துண்டுகளும் அப்போதுதான் எரியும். சக்கரங்களுக்குக் கட்டை, கியரில் நிறுத்தம், பேட்டரி இணைப்பு பிரித்தல், தீயணைப்பான் எட்டும் தூரத்தில். நான்கடி தள்ளிக் கயிறு கட்டி, கூட்ட நேரம் முழுவதும் ஓர் ஆளை நிறுத்துங்கள். பானெட்டின் மேல் குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுப்பதைக் கயிறு மட்டும் தடுக்காது.

நிகழ்ச்சி முடிந்து திரும்பியதும் பாகங்களைப் படுக்கையாக அடுக்காமல், அவை அமரும் வடிவத்தில் மரத் தாங்கு செய்து நிமிர்த்தி வையுங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் துளையிலேயே திருகிவிட்டு, பாகத்தின் உட்பக்கம் எண் எழுதுங்கள். அடுத்த திருவிழாவுக்கு அழைப்பு பெரும்பாலும் முந்தின நாள் இரவில்தான் வரும்.